ஐந்நூறு கையெழுத்து, ஐந்து சதவீதம்: ஆர்லெத் லாகியேயின் ஆறு தேர்தல்கள்

பிரான்ஸில் அதிபர் தேர்தலில் நிற்க இன்று டெபாசிட் கட்ட வேண்டாம். அதற்குப் பதிலாகக் கையெழுத்து வேண்டும். மேயர்கள், மாவட்ட, மாகாண மன்ற உறுப்பினர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் என ஏறத்தாழ 42,000 பேருக்கு வேட்பாளரை முன்மொழியும் உரிமை உண்டு. அவர்களில் 500 பேர் கையெழுத்திட வேண்டும். அந்த 500 பேரும் குறைந்தது 30 மாவட்டங்களைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரே மாவட்டத்திலிருந்து 50 பேருக்கு மேல் கணக்கில் வராது. பெரிய கட்சிக்கு இது ஒரு வார வேலை. சொந்தமாக மேயரோ எம்.பி.யோ இல்லாத கட்சிக்கு ஒரு வருட வேலை.

அந்த ஒரு வருட வேலையைத் தேர்தலுக்குத் தேர்தல் சலிக்காமல் செய்து முடித்த கட்சி 'லூத் ஊவ்ரியேர்'. தமிழில் சொன்னால் 'தொழிலாளர் போராட்டம்'. ட்ராட்ஸ்கியவாதிகள், அதாவது ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியின் வழியில் வந்த கம்யூனிஸ்டுகள். 33 வருடம் அந்தக் கட்சியின் முகமாக இருந்தவர் ஒரு வங்கி ஊழியர், ஆர்லெத் லாகியே. 1974, 1981, 1988, 1995, 2002, 2007 என ஆறு அதிபர் தேர்தல்களில் நின்றார். ஆறிலும் ஜெயிப்பதற்காக நிற்கவில்லை. அதை ஒளிக்கவும் இல்லை. பதவிக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தே நிற்பவருக்குத் தேர்தல் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை அவருடைய அரசியல் வாழ்க்கையை வைத்து ஓரளவு துல்லியமாகவே கணக்குப் போட்டுவிடலாம்.

1940 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தவர். வளர்ந்தது நகரத்தை ஒட்டிய லெ லீலா என்ற புறநகரில், ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில். 16 வயதில், 1956இல், க்ரெடி லியோனே வங்கியில் தட்டச்சுப் பணிக்குச் சேர்ந்தார். அல்ஜீரியப் போர் அவரை அரசியலுக்குள் இழுத்தது. 1960களில் லூத் ஊவ்ரியேருக்கு முந்தைய அமைப்பான 'வுவா ஊவ்ரியேர்' அமைப்புக்கு வந்து சேர்ந்தார். 1968 மே கிளர்ச்சிக்குப் பிறகு அரசு தடை செய்த இடதுசாரி அமைப்புகளில் அதுவும் ஒன்று. தடை வந்த அதே ஜூன் மாதத்தில் புதுப் பெயரில் பத்திரிகை வெளிவந்துவிட்டது. வங்கி வேலையை மட்டும் அவர் விடவில்லை. 2000இல் ஓய்வு பெறும்வரை அதே வங்கியின் ஊழியர்தான். நான்கு அதிபர் தேர்தல்களில் நின்ற பிறகும் அவருடைய தொழில் 'வங்கி ஊழியர்' என்றுதான் இருந்தது. இடதுசாரித் தலைவர்களில் பாதிப் பேர் பேராசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் இருந்த நாட்டில் அது சும்மா கிடைத்த பெயர் அல்ல.

1974இல் அவர் வேட்பாளரானதற்கு மேடைப் பேச்சு காரணமில்லை. அந்த வருடத் தொடக்கத்தில் வங்கி ஊழியர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. க்ரெடி லியோனேயில் அதை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சூட்டில்தான் அதிபர் பொம்பிதூ ஏப்ரல் 2 அன்று இறந்தார். முதல் சுற்று வாக்குப்பதிவு மே 5 என்று முடிவானது. இடையில் இருந்தது 33 நாள். அன்றைய விதிப்படி 100 கையெழுத்து போதும். அதனால்தான் அந்த அவசரத்திலும் ஒரு சின்னக் கட்சியால் வேட்பாளரை நிறுத்த முடிந்தது. பிரெஞ்சு அதிபர் தேர்தலில் நின்ற முதல் பெண் அவர். வயது 34.

கிடைத்த வாக்கு 5,95,247, அதாவது 2.33 சதவீதம். 12 வேட்பாளர்களில் ஐந்தாம் இடம். அதே தேர்தலில் முதல் முறையாக நின்ற தீவிர வலதுசாரி ழான் மரி லெ பென்னுக்குக் கிடைத்தது 0.75 சதவீதம்தான். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 2002க்கு வரும்போது தேவைப்படும்.

கையெழுத்து வேட்டை

100 கையெழுத்து எளிதாக இருந்ததால்தான் 1976இல் சட்டத்தை மாற்றி 500 ஆக்கினார்கள். அடுத்த தேர்தலிலேயே அதன் விளைவு தெரிந்தது. 1981இல் லெ பென்னுக்கும் கையெழுத்து சேரவில்லை, இன்னொரு ட்ராட்ஸ்கிய அமைப்பின் அலென் கிரிவினுக்கும் சேரவில்லை. லாகியேவுக்குச் சேர்ந்தது. கொள்கை பலம் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஊர் ஊராகப் போக ஆள் இருந்தது, போனவர்கள் எழுதி வைத்த குறிப்பு இருந்தது, பொறுமை இருந்தது.

வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பிரான்ஸில் ஏறத்தாழ 35,000 உள்ளாட்சிகள் உண்டு. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் மக்கள்தொகை 500ஐத் தாண்டாது. நகரத்து மேயர்கள் கட்சிக்காரர்கள். அவர்களிடம் போய்ப் பயனில்லை. கட்சி முத்திரை இல்லாத சிற்றூர் மேயர்தான் இலக்கு. அவர் பெரும்பாலும் விவசாயியாகவோ ஓய்வு பெற்றவராகவோ இருப்பார். சிற்றூர் அலுவலகம் வாரத்தில் ஓரிரு அரைநாள்தான் திறந்திருக்கும். கதவில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் ஒரு நாள் பெட்ரோல் வீண். வீட்டுக்கோ வயலுக்கோ போய்த்தான் பார்க்க வேண்டும். தொலைபேசியில் கேட்டால் மறுப்பது எளிது. வாசலில் வந்து நிற்பவரை மறுப்பதற்கு முன் நாலு வார்த்தையாவது பேசுவார்கள்.

அந்த நாலு வார்த்தையில் என்ன பேசுவது என்பதில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். கட்சித் திட்டத்தை விளக்க ஆரம்பித்தால் காரியம் கெட்டது. 'புரட்சிக்கு ஆதரவு தாருங்கள்' என்று கேட்டு எந்த விவசாய மேயரும் கையெழுத்துப் போடமாட்டார். 'உங்கள் வாக்கு வேண்டாம், எங்கள் கருத்தும் வாக்குச்சீட்டில் இருக்கட்டும், முடிவை மக்கள் சொல்லட்டும்' என்பதுதான் பேச்சு. இது தந்திரப் பேச்சும் அல்ல. சட்டம் இந்தக் கையெழுத்தை 'முன்வைத்தல்' என்றுதான் சொல்கிறது, 'ஆதரவு' என்று சொல்லவில்லை. ஆனால் மக்கள் வழக்கில் இதற்கு ஞானத்தந்தை உறவைக் குறிக்கும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர் மாதிரி, கையெழுத்திட்ட மேயர் அந்த வேட்பாளருக்குப் பொறுப்பு என்ற எண்ணத்தை அந்தச் சொல்லே உண்டாக்கிவிட்டது. ஆகவே வாசலில் நிற்பவர் முதலில் பிடுங்க வேண்டியது அந்தச் சொல்லின் முள்ளைத்தான்.

அடுத்தது கணக்கு. வாய்வார்த்தை கொடுத்தவர்கள் எல்லோரும் கையெழுத்துத் தருவதில்லை. படிவம் கைக்கு வருவது தேர்தல் அறிவிப்பு வந்த பிறகுதான். அதற்கு முன் கிடைப்பதெல்லாம் வாக்குறுதி. நடுவில் மனைவி வேண்டாம் என்பார், ஊராட்சி மன்றத்தில் யாராவது முறைப்பார், பக்கத்துப் பெரிய ஊர் மேயர் தொலைபேசியில் அழைப்பார். அதனால் 500 வாக்குறுதியோடு நிறுத்துகிறவருக்கு 500 கையெழுத்து வராது. கணிசமாகக் கூடுதலாகவே சேர்க்க வேண்டும். 30 மாவட்டம் என்ற விதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இன்னொரு ஆபத்து. ஆள்பலம் உள்ள பகுதியிலேயே கையெழுத்து குவியும், 50க்கு மேற்பட்டது குப்பைக்குப் போகும்.

ஒரு முறை கையெழுத்திட்டவர் மறுமுறையும் போடுவார் என்பது ஓரளவு உண்மை. அதனால் பழைய பட்டியல் தங்கம். ஆனால் ஆறு வருடத்துக்கு ஒரு முறை உள்ளாட்சித் தேர்தல் வந்து அந்தத் தங்கத்தைப் பாதி உருக்கிவிடும். 2001 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல், 2002 ஏப்ரலில் அதிபர் தேர்தல். இடைப்பட்ட 13 மாதத்தில் புது மேயர்களைப் புதிதாகப் பார்த்தாக வேண்டும்.

படிவத்தையும் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரே ஒரு தாள்; அதன் அசல்தான் செல்லும், நகல் செல்லாது. ஒருவர் ஒரு வேட்பாளரைத்தான் முன்மொழியலாம், அனுப்பிய பிறகு திரும்பப் பெற முடியாது. மேயர் தன் கையாலேயே கையெழுத்திட வேண்டும், பக்கத்தில் ஊராட்சி முத்திரை பதிய வேண்டும். முத்திரை அலுவலகத்துக்குள் பூட்டியிருக்கும், சாவி செயலரிடம் இருக்கும், செயலர் அன்றைக்கு வேறு ஊராட்சியில் வேலை பார்ப்பார். வீட்டு மேசையில் கையெழுத்தானதும் 'முடிந்தது' என்று கிளம்பி வந்தவர்களின் தாள் முத்திரையில்லாமல் நிற்பது இப்படித்தான்.

முன்பு கட்சி ஊழியரே படிவத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு போய் அரசியலமைப்பு மன்றத்தில் கொடுக்க முடிந்தது. 2016இல் வந்த சட்டம் அதை நிறுத்தியது. மேயரே தபாலில் அனுப்ப வேண்டும். கையில் கிடைத்தது எத்தனை என்று கட்சிக்கு இனித் தெரியாது. மன்றம் வாரத்துக்கு இரண்டு முறை வெளியிடும் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய மாற்றம், எல்லாப் பெயர்களும் வெளியாகின்றன என்பது. முன்பு ஒரு வேட்பாளருக்குக் கையெழுத்திட்டவர்களில் குலுக்கலில் தேர்ந்த 500 பெயர்கள்தான் வெளிவரும். பெயர் வெளியே தெரிவது வெளிப்படைத்தன்மைக்கு நல்லது என்கிறார்கள். சாலை போட மேலிடத்தில் மானியம் கேட்டு நிற்கும் 200 பேர் ஊரின் மேயர் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

'உழைக்கும் பெண்களே, உழைக்கும் ஆண்களே'

லாகியேயின் பேச்சு எப்போதும் இப்படித்தான் தொடங்கும். பிரெஞ்சில் பெண்பால் முதலில், ஆண்பால் பிறகு. தமிழில் 'தொழிலாளர்களே' என்று சொன்னால் இருவரும் அடங்கிவிடுவார்கள். பிரெஞ்சில் அப்படி இல்லை. ஆண்பாலை மட்டும் சொல்லிப் பெண்களும் அதற்குள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வதே வழக்கம். அந்த வழக்கத்தை 1974இலேயே அவர் தொலைக்காட்சியில் உடைத்தார். பிறகு அந்த இரண்டு சொல்லை 33 வருடம் மாற்றவே இல்லை. மிமிக்ரி கலைஞர்களுக்கு அதுவே தீனியானது. கிண்டல் செய்தவர்கள் அவருக்கு இலவச விளம்பரம்தான் செய்தார்கள். கடைசியில் நாடே அவரைக் குடும்பப் பெயர் இல்லாமல் 'ஆர்லெத்' என்று கூப்பிட ஆரம்பித்தது.

சொன்னதையே சொல்வது சலிப்பு என்பது செய்தியாளருடைய கருத்து. ஏழு வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் சில நிமிடம் மட்டுமே காதில் விழுகிற ஒரு கட்சிக்குப் புதுப்புதுக் கோஷம் கட்டுப்படியாகாது. வேலை நீக்கத்தைத் தடை செய், சம்பளத்தைக் கூட்டு, கம்பெனிக் கணக்கைத் தொழிலாளர்களுக்குத் திறந்து காட்டு. இவ்வளவுதான். 1995இல் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தபோது இதே வாக்கியங்கள் திடீரென்று நிகழ்காலச் செய்தி மாதிரிக் கேட்டன. அவர் மாறவில்லை, காலம் அவரிடம் வந்து நின்றது.

தொலைக்காட்சி நேரமும் சட்டத்தால் கிடைத்ததுதான். முன்பெல்லாம் வேட்பாளர் பட்டியல் வெளியானதும் எல்லோருக்கும் சம நேரம். 500 கையெழுத்துக்கு இவ்வளவு பாடுபடுவதன் உண்மையான கூலி அந்த நேரம்தான். 2016 சட்டம் இதையும் குறைத்தது. இப்போது சம நேரம் என்பது அதிகாரபூர்வப் பிரச்சாரத்தின் கடைசி இரண்டு வாரம் மட்டுமே. அதற்கு முன் 'நியாயமான' நேரம். எது நியாயம் என்பதைக் கருத்துக்கணிப்பும் முந்தைய தேர்தல் முடிவும் தீர்மானிக்கும். சின்னக் கட்சிக்கு இதன் பொருள் எளிது: யாருக்கும் தெரியாததால் நேரமில்லை, நேரமில்லாததால் யாருக்கும் தெரியாது.

தேர்தல் இல்லாத நாட்களில்தான் இந்தக் கட்சியின் உண்மையான வேலை நடக்கிறது. தொழிற்சாலை, மருத்துவமனை, வங்கி, ரயில் பணிமனை வாசல்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு துண்டறிக்கை. ஒரே தாள், இரண்டு பக்கம். முன்பக்கத் தலையங்கம் நாடு முழுவதும் ஒன்றே. பின்பக்கம் அந்த ஒரு பணியிடத்துக்கு மட்டுமானது: பழுதான இயந்திரம், கொடுக்காமல் பிடித்துக்கொண்ட ஓவர்டைம் பணம், மேற்பார்வையாளரின் அதட்டல், ஷிப்டு மாற்றம். ஆட்கள் முதலில் புரட்டிப் படிப்பது பின்பக்கத்தைத்தான். அங்கே ஒரு தகவல் தப்பானால் முன்பக்கத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். யார் சொன்னது என்று ஊகிக்கிற மாதிரி எழுதிவிட்டால் சொன்னவருக்கு வேலை போகும். அதனால் எழுதுவதைவிடச் சரிபார்ப்பதற்கு அதிக நேரம் போகும். முதல் ஷிப்டுக்கு ஆள் நுழைவதற்கு முன் வாசலில் நின்றாக வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் அச்சடித்த கட்டு அப்படியே திரும்பும். வருடத்துக்கு ஒரு முறை பெந்தெகொஸ்தே விடுமுறையில் பாரிஸுக்கு வடக்கே பிரெல் என்ற ஊரில் மூன்று நாள் திருவிழா. சாப்பாடு, இசை, விவாதம், கூடவே கட்சிக்குப் பணம்.

பணம்

நம் ஊரில் டெபாசிட் போவது மானப் பிரச்சினை. பிரான்ஸில் 5 சதவீதம் அதற்குச் சமம். மானத்தோடு பணமும் போகும் என்பதுதான் வித்தியாசம்.

2017, 2022 தேர்தல்களின் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றுக்குச் செலவு உச்சவரம்பு 1.6851 கோடி யூரோ. 5 சதவீதத்தைத் தாண்டியவருக்கு அந்த உச்சவரம்பில் 47.5 சதவீதம் வரை, அதாவது 80 லட்சம் யூரோ வரை அரசு திருப்பிக் கொடுக்கும். தாண்டாதவருக்கு 4.75 சதவீதம் வரை, அதாவது 8 லட்சம் வரை. 4.99க்கும் 5.01க்கும் இடையில் பத்து மடங்கு. இதில் புதியவர்கள் கவனிக்காத ஒரு கொக்கி உண்டு. திருப்பித் தருவது வேட்பாளர் தன் பெயரில் போட்ட பணத்தை மட்டும்தான், அவர் பெயரில் வாங்கிய கடனும் அதில் சேரும். நன்கொடையாக வந்ததைத் திருப்பித் தரமாட்டார்கள். ஆகவே 'நன்கொடையில் நடத்திவிட்டுப் பிறகு அரசிடம் வாங்கிக்கொள்ளலாம்' என்ற திட்டம் பலிக்காது. தனிநபர் நன்கொடைக்கு வரம்பு 4,600 யூரோ. கம்பெனிகளிடம் வாங்குவது 1995 முதல் அறவே தடை.

பணத்தை வேட்பாளர் கையால் தொடக்கூடாது. நிதிப் பொறுப்பாளர் ஒருவரை அறிவித்து, தனி வங்கிக் கணக்கு திறந்து, எல்லாவற்றையும் அதன் வழியாகவே செய்ய வேண்டும். கூட்டத்துக்கு அரங்கம் கொடுத்தவர் 'பணம் வேண்டாம், தோழரே' என்று சொன்னால்கூட அதற்கு ஒரு மதிப்புப் போட்டுக் கணக்கில் எழுத வேண்டும். கணக்கு தள்ளுபடியானால் ஒரு சென்ட்கூடத் திரும்பாது. 2013இல் முன்னாள் அதிபர் சார்கோஸியின் கணக்கே உச்சவரம்பு மீறலுக்காகத் தள்ளுபடியாகி, ஒரு கோடி யூரோவுக்கு மேல் போனது.

2002 ஏப்ரல் 21 இதற்கு நல்ல பாடம். தேர்தலுக்குச் சில வாரம் முன்பு கருத்துக்கணிப்புகள் லாகியேவுக்கு 10 சதவீதத்தை ஒட்டிக் காட்டின. பெட்டியைத் திறந்தபோது 5.72. அவர் பெற்றவற்றிலேயே அதிகம், 16,30,045 வாக்கு. ஆனால் 10ஐ நம்பிக் கடன் வாங்கியிருந்தால் 5 சதவீதக் கோட்டை நூலிழையில்தான் தாண்டியிருப்பார். பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அதன் வேட்பாளர் ரொபேர் ஊ 3.37இல் நின்றார். பெரிய கட்சிக்குரிய செலவு, சின்னக் கட்சிக்குரிய வாக்கு. அந்தக் கடன் அடி நீண்ட நாள் வலித்தது. செலவுத் திட்டத்தை எப்போதும் 5க்குக் கீழே வரும் என்று வைத்தே போட வேண்டும். தாண்டினால் லாபம்.

தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிகளும் அவருக்கு வந்தன. 1995 முதல் 2001 வரை லெ லீலா நகர மன்றம், 1998 முதல் 2004 வரை இல் து பிரான்ஸ் மாகாண மன்றம், 1999 முதல் 2004 வரை ஐரோப்பிய நாடாளுமன்றம். கடைசியது கிரிவினின் அமைப்போடு கூட்டு வைத்து நின்றதில் கிடைத்தது, 5.18 சதவீதம், ஐந்து இடம், அதில் மூன்று லூத் ஊவ்ரியேருக்கு. அங்கேயும் நுழைவாயில் 5 சதவீதம்தான். தனித்தனியே நின்றிருந்தால் இரண்டு பேருமே வெளியே நின்றிருக்கக்கூடும். கட்சி வழக்கப்படி பதவியில் இருப்பவர் ஒரு தொழிலாளியின் சம்பள அளவுக்கு வைத்துக்கொண்டு மீதியைக் கட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கே தவறியது

1981இலும் 1988இலும் வாக்கு 2 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 1995 ஏப்ரல் 23இல் 5.30 சதவீதம், 16,15,552 வாக்கு. அன்றிரவே அவர் தொழிலாளர்களுக்கான ஒரு பெரிய கட்சியைக் கட்டுவோம் என்று அழைப்பு விடுத்தார். மறுநாளிலிருந்து அந்த அழைப்பு மெல்ல அமுங்கிப்போனது. வாக்களித்தவர்கள் அனுதாபிகள்தான், போராட்டத்துக்கு வரத் தயாராக இல்லை என்று கட்சித் தலைமை கணித்தது. வேறு மாதிரி நினைத்த உறுப்பினர்கள் 1997இல் வெளியேற்றப்பட்டார்கள். தலைமையின் கணிப்பில் ஓரளவு உண்மை உண்டு. வாக்குச்சீட்டில் கோபத்தைக் காட்டுவது ஒன்று, விடியற்காலையில் தொழிற்சாலை வாசலில் நிற்பது வேறு. ஆனால் அழைப்பு விடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவது, அழைப்பே விடாமல் இருப்பதைவிட மோசம். புதிதாக வருகிறவரை ஒரே தாவலில் முழுநேர ஒழுங்குக்குள் இழுக்கப் பார்க்கிற கட்சிக்கு 16 லட்சம் வாக்கும் 6 லட்சம் வாக்கும் ஒன்றுதான், இரண்டையும் வைத்து அது எதையும் கட்டப்போவதில்லை.

2002இல் மூன்று ட்ராட்ஸ்கிய வேட்பாளர்களுக்கும் சேர்ந்து 10.44 சதவீதம் விழுந்தது. லாகியே 5.72, தபால்காரர் ஒலிவியே பெஸான்ஸ்னோ 4.25, தானியல் குலுக்ஸ்தைன் 0.47. சோஷலிஸ்ட் பிரதமர் ஜோஸ்பான் 16.18இல் நின்று, 16.86 பெற்ற லெ பென்னுக்கு அடுத்து மூன்றாம் இடம் வந்ததால், முதல் இருவருக்கு மட்டுமான இரண்டாம் சுற்றுக்குப் போகாமல் வெளியேறினார். 1974இல் லாகியேயின் வாக்கில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெறாத ஆள் இப்போது அவரைப் போல மூன்று மடங்கு வாங்கி இரண்டாம் சுற்றில் நின்றார். தெருவெங்கும் ஊர்வலம். இடதுசாரிகளில் பெரும்பாலோர் எதிரே நின்ற வலதுசாரி அதிபர் ஷிராக்குக்கு வாக்களிக்கச் சொன்னார்கள். லாகியே மறுத்தார், வெற்றுச்சீட்டு போடச் சொன்னார். முதலாளித்துவத்தின் இரண்டு வேட்பாளர்களில் ஒருவருக்கு வாக்குக் கேட்க மாட்டேன் என்பது அவர் கட்சியின் கொள்கைப்படி சரி. அந்த இரண்டு வாரத்தில் தெருவில் நின்ற இளைஞர்களுக்கு அது காதில் ஏறவே இல்லை.

அதற்கான பில் 2007இல் வந்தது. 2002ஐப் போல மறுபடி ஒரு ஏப்ரல் 21 வந்துவிடுமோ என்ற பயத்தில் இடதுசாரி வாக்காளர்கள் முதல் சுற்றிலேயே சோஷலிஸ்ட் வேட்பாளர் செகோலேன் ருவாயாலிடம் குவிந்தார்கள். எதிர்ப்பு வாக்கில் மிஞ்சியது இளைஞரான பெஸான்ஸ்னோவுக்குப் போனது, 4.08. லாகியேவுக்கு 1.33 சதவீதம், 4,87,857 வாக்கு. ஆறு தேர்தல்களில் மிகக் குறைவு. இரண்டாம் சுற்றில் ருவாயாலுக்கு வாக்களிக்கச் சொன்னார். ஐந்து வருடத்துக்கு முன் சொன்ன வெற்றுச்சீட்டோடு இதை வைத்துப் பார்த்து நக்கலடித்தவர்கள் உண்டு. வலதுசாரி இருவருக்கிடையே தேர்வதும் வலதுக்கும் சோஷலிஸ்டுக்கும் இடையே தேர்வதும் ஒன்றல்ல என்பது அதற்கான பதில். அந்த வித்தியாசத்தை 2002லேயே பொறுமையாக விளக்கியிருக்கலாம்.

2008 டிசம்பரில் கட்சியின் பேச்சாளர் பொறுப்பை நதாலி ஆர்த்தோ ஏற்றார். பொருளியல் ஆசிரியை, 1970இல் பிறந்தவர். கோஷங்கள் அவையே, 'உழைக்கும் பெண்களே, உழைக்கும் ஆண்களே' என்ற தொடக்கமும் தொடர்ந்தது. ஊர் ஊராகப் போகும் வேலையும் பிசகவில்லை, 2012, 2017, 2022 மூன்றிலும் 500 கையெழுத்து சேர்ந்தது. வாக்கு மட்டும் முறையே 0.56, 0.64, 0.56 சதவீதம். 2022இல் அது 1,97,094. ஆர்லெத் 1974இல் 33 நாளில், 100 கையெழுத்தோடு போய் வாங்கியதில் மூன்றில் ஒன்று.